கரிநெருப்பை விட்டு எழுந்து வருதல்: பயத்தோடு போராடும் கிறிஸ்தவ ஆண்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் சபையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் ஆண்கள் மட்டும் கூடும் ஜெபக் கூட்டம் ஒன்று பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. கூட்டத்தில் எல்லாரும் வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஜெபிக்கச் சொல்வார்கள். உண்மையான கேள்வி கூட்டம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு, வண்டியை எடுக்கும் நேரத்தில், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தயங்கித் தயங்கி வரும். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு, கேட்டவர்கள் யார் என்பது தெரியாத வகையில், என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதுகிறேன்.

பயப்படுவது பாவமா? விசுவாசம் இருந்தால் பயம் வராது என்கிறார்களே?

பயம் வருவது பாவமல்ல. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பயப்படுகிறவன் "நான் விசுவாசி அல்ல போலிருக்கிறது" என்று இன்னொரு பயத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கினால், முதல் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாதபடி அவன் வாய் அடைபட்டுப் போகிறது. "பயப்படாதே" என்ற சொல் வேதத்தில் நாளுக்கு ஒன்றாக 365 முறை வருகிறது என்று மேடைகளில் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. ஆனால் அந்தச் சொல் வரும் இடங்களில் எல்லாம் கேட்கிறவன் ஏற்கெனவே பயந்து கொண்டிருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். பயமில்லாதவனிடம் தேவன் அதைச் சொல்லவில்லை.

எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா, ராஜாவின் முன் வாய் திறப்பதற்குச் சற்று முன்பு "மிகவும் பயந்தேன்" என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். கொரிந்துவுக்குத் தாம் வந்தபோது பயத்தோடும் நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுல் அந்தச் சபைக்கே எழுதுகிறார். தாவீதின் சங்கீதம் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது. பயம் தீர்ந்த மறுநாளில் அல்ல, அந்த நாளிலேயே. இவர்களுக்கெல்லாம் மேலாகக் கெத்செமனேயில் நம் ஆண்டவர் திகிலடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். பாத்திரம் நீங்கும்படி அவர் வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலைப் பாவம் என்று சொல்ல நமக்குள் எவனுக்கும் துணிவு வராது.

அப்படியானால் கோழைத்தனம் என்பது எது?

இந்தக் கேள்விக்கு விடை ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பஞ்சம் வந்து எகிப்துக்குப் போன ஆபிராம், மனைவியின் அழகுக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்தான். அந்தப் பயம் நியாயமானது; அன்னிய நாட்டில், ஆள்பலம் இல்லாத இடத்தில், எந்தக் கணவனுக்கும் வரக்கூடியது. ஆனால் அவன் அதற்குக் கண்டுபிடித்த வழி, "நீ என் சகோதரி என்று சொல்" என்பது. சாராய் பார்வோனுடைய அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டாள். ஆபிராமுக்கோ ஆடுமாடுகளும் கழுதைகளும் ஒட்டகங்களும் வேலைக்காரரும் கிடைத்தார்கள். பயம் அவனுடையது, பாதுகாப்பும் அவனுடையது, ஆதாயமும் அவனுடையது. விலையைக் கொடுத்தவள் மட்டும் சாராய்.

பயத்துக்கும் கோழைத்தனத்துக்கும் நடுவில் கோடு விழும் இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். என் பயத்தின் விலையை நானே சுமக்கும் வரை அது பயம். அதை என் மனைவியின் மீதோ, மகளின் மீதோ, எனக்குக் கீழே வேலை பார்ப்பவன் மீதோ இறக்கி வைத்துவிட்டு நான் சுகமாக உட்காரும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. ஆகவே எந்த முடிவிலும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளப் பழகியிருக்கும் கேள்வி ஒன்றுதான்: என்னுடைய இந்தச் சுகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

சுகமாக வாழ ஆசைப்படுவது தவறா?

இல்லை. நல்ல வீடு, பிள்ளைகள் சூழ்ந்த சாப்பாட்டு நேரம், மாதம் பிறந்தால் வரும் சம்பளம் ஆகியவை தேவன் தரும் ஈவுகள். அவற்றை நன்றியோடு அனுபவிக்கலாம். துன்பத்தைத் தேடிப் போய் அதில் பக்தியைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

சுகத்தைப் பிடித்துக் கொள்வதற்காக, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்துவிடும்போதுதான் சிக்கல். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939 ஜூன் மாதத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து அவரைத் தப்புவிக்க நண்பர்கள் அங்கே வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் தம் ஜனங்களின் துன்பத்தில் பங்கெடுக்காவிட்டால், அது முடிந்த பின் அவர்களோடு சேர்ந்து எதையும் கட்டி எழுப்பத் தமக்கு உரிமை இராது என்று முடிவு செய்து, ஜூலையிலேயே கப்பலேறித் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. நியூயார்க்கின் சுகத்தில் பாவம் ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய இடம் அதுவல்ல என்பதுதான் காரியம்.

"ஆம்பிளை பயப்படக் கூடாது" என்று சொல்லியே வளர்த்தார்கள். பயத்தை வெளியே சொன்னால் ஆண்மைக்கு இழுக்கு அல்லவா?

பேதுருவைப் பாருங்கள். எல்லாரும் இடறலடைந்தாலும் தான் இடறலடையேன் என்று சத்தமாகச் சொன்னவர் அவர். தோட்டத்தில் பட்டயத்தை உருவி ஒரு வேலைக்காரனின் காதை வெட்டியவரும் அவரே. நம் ஊர்க் கணக்கில் அவர்தான் ஆம்பிளை. அதே இரவில், சில மணி நேரத்துக்குள், ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு அவர் தம் ஆண்டவரை அறியேன் என்றார். குளிர்காலமானபடியால் அங்கே கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள் என்றும், பேதுருவும் அவர்களுடனே நின்று குளிர்காய்ந்து கொண்டிருந்தார் என்றும் யோவான் எழுதுகிறார். பேதுருவுக்கும் குளிரத்தான் செய்தது. ஆண்டவரைப் பிடித்துக் கட்டியவர்களின் நெருப்பில்தான் அன்று கதகதப்பு இருந்தது.

இன்னொருவரையும் பாருங்கள். அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு ஆலோசனைச் சங்கத்தின் கனம் பொருந்திய உறுப்பினர். யூதருக்குப் பயந்து அந்தரங்கச் சீஷனாக இருந்தவர் என்று யோவானே அவரைப் பற்றிச் சொல்கிறார். சத்தமான சீஷர்கள் சிதறி ஓடிய பின், தண்டிக்கப்பட்டவனின் சரீரத்தைக் கேட்டு, துணிந்து பிலாத்துவிடம் போனவர் அவர்தான். இராக்காலத்தில் இயேசுவிடம் வந்த நிக்கொதேமு நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு அவருக்குத் துணையாக வந்தார். நெடுநாளாகத் தங்கள் பயத்தை அறிந்து வைத்திருந்த இரண்டு பேர், எல்லாம் கைவிட்டுப் போனதாகத் தோன்றிய மாலையில், பகிரங்கமாக ஒரு பிணத்தைச் சுமந்தார்கள்.

ஆகையால் சத்தத்தையும் மீசையையும் வைத்துத் தைரியத்தை அளக்க முடியாது. கெத்செமனேயில் இயேசு மூன்று நண்பர்களைத் தனியே அழைத்து, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். "எனக்குப் பயமாக இருக்கிறது, கூட இரு" என்று சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்றால், அந்த இழுக்கு முதலில் நம் ஆண்டவருக்கே வந்திருக்க வேண்டும்.

எனக்குக் குடும்பம் இருக்கிறது. நான் தைரியமாக நடந்தால் மனைவியும் பிள்ளைகளும்தானே கஷ்டப்படுவார்கள்?

இதுவே எல்லாக் கேள்விகளிலும் கடினமானது. இதற்கு எளிதாகப் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒரு மனிதரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் என்ற விவசாயி இருந்தார், பிறந்தது 1907இல். இளவயதில் அடாவடியான ஆள், திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்த பிறகு அவருடைய பக்தி ஆழமாயிற்று. மூன்று மகள்கள் பிறந்தார்கள். ஆஸ்திரியாவை ஹிட்லர் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டு 1938 ஏப்ரலில் நடத்திய வாக்கெடுப்பில், அந்த ஊரிலேயே வேண்டாம் என்று வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். சில மாதங்கள் இராணுவப் பயிற்சிக்குப் போய் வந்த பின், இந்தப் போர் அநியாயமானது, இதில் ஹிட்லருக்காக ஆயுதம் எடுப்பது தம் மனச்சாட்சிக்கு விரோதம் என்ற முடிவுக்கு வந்தார்.

அப்போது அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். தாய் கேட்டார், உறவினர் கேட்டார்கள், பங்குக் குரு கேட்டார். யேகர்ஷ்டேட்டர் லின்ஸ் நகர ஆயரிடமே போய் ஆலோசனை கேட்டார். ஆயரும் குடும்பக் கடமையை எண்ணிப் பார்க்கவே சொன்னார். 1943 பிப்ரவரி இறுதியில் அழைப்பாணை வந்தபோது, மார்ச் முதல் நாள் அவர் முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நேரில் தெரிவித்தார். காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் பணிக்கு ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லியும் ஏற்கப்படவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் அவருடைய தலை வெட்டப்பட்டது. மூன்று மகள்களில் மூத்தவளுக்கு அப்போது ஆறு வயதும் நிறையவில்லை.

பிரான்சிஸ்காவும் ஆரம்பத்தில் கணவரைத் தடுக்கவே முயன்றார். பிறகு, இவ்வளவு பேர் எதிர்த்து நிற்கையில் தானும் எதிர்த்தால் அவருக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று எண்ணி அவர் பக்கம் நின்றார். கணவர் மறைந்த பின் வயலை அவரே உழுது பார்த்தார். புருஷனைக் கெடுத்தவள் இவள்தான் என்று ஊரார் அவர் மீதே பழி போட்டார்கள். போர் விதவைகளுக்கு உரிய ஓய்வூதியம் 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. 2007 அக்டோபரில் லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) வழங்கப்பட்டபோது பிரான்சிஸ்கா நேரில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 94. பின்பு 2013இல், நூறு வயது நிறைந்த சில நாட்களில், காலமானார்.

இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தச் சின்னப் பெண்களிடமே போய் நிற்கிறது. ஆபிராமின் சுகத்துக்குச் சாராய் விலை கொடுத்தாள் என்றால், இவருடைய தைரியத்துக்கும் மனைவியும் மகள்களும் விலை கொடுத்தார்களே என்று நீங்கள் கேட்டால், ஆம் என்றே சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்று நான் நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவர் தம் மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. மனச்சாட்சியின் போராட்டத்தை அவளோடு சேர்ந்தே சுமந்தார். முதலாவதும் பெரியதுமான விலையைத் தாமே கொடுத்தார். அவர் சம்மதித்துப் போருக்குப் போயிருந்தால், வேறு ஏதோ ஒரு நாட்டின் ஒரு வீட்டில் வேறு குழந்தைகள் தகப்பனை இழந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது என்பதால் அந்த விலை இல்லாமல் போய்விடாது. இருந்தும், இந்தக் கணக்கைப் போட்டு முடித்து நிம்மதியாகத் தூங்க என்னால் முடியவில்லை. முடியாமல் இருப்பதே சரி என்றும் தோன்றுகிறது.

உங்கள் நிலைமை பெரும்பாலும் இவ்வளவு கடுமையாக இராது. நான் கண்ட வரையில், "குடும்பத்துக்காக" என்று நாம் சொல்லும் பல இடங்களில் குடும்பத்திடம் யாரும் கேட்டிருப்பதே இல்லை. அலுவலகத்தில் போலி ரசீதில் கையெழுத்துப் போட மறுத்தால் வேலை போகுமே என்று மாதக்கணக்கில் தூங்காமல் இருந்த ஒரு தம்பி, கடைசியில் மனைவியிடம் சொன்னபோது, அவள் உடனே, "இதுக்காகவா இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தீங்க? நான் ட்யூஷன் எடுக்கிறேன், பார்த்துக்கலாம்" என்றாளாம். எல்லா மனைவியரும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் கேட்காமலே அவர்கள் பெயரைச் சொல்லிப் பின்வாங்குவது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

போரும் சிறையும் நம் வாழ்க்கையில் இல்லையே. சாதாரண ஆணுக்கு இந்தச் சோதனை எங்கே வருகிறது?

பெண் பார்க்கப் போகும் வீட்டின் முன்னறையில் வருகிறது. எனக்கு அங்கேதான் வந்தது, நான் அங்கேதான் தோற்றேன்.

என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின பேச்சுவார்த்தையில், என் பெரியப்பா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஜெபம் பண்ணித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு பவுன் எத்தனை, ரொக்கம் எவ்வளவு, வண்டி யார் செலவு என்று ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டது. என் மாமனார் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் அவருடைய வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒன்று, இரண்டு என்று நகர்ந்தது. அவர் முன்னால் வைத்த டம்ளரில் காபி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. நான் இருபத்தெட்டு வயது ஆள், சம்பாதிக்கிறவன், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிதியோனின் கதை சொல்கிறவன். "வேண்டாம் பெரியப்பா" என்று இரண்டே சொல் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் முகம் கோணுமே என்ற பயத்தில் தரையைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிறு சபையில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டு, தடை உண்டா என்று போதகர் ஐயர் கேட்டபோது, தடை சொல்ல வேண்டியவன் நானாகவே இருந்தேன். மாமனார் ரோட்டோரத்து வயலை விற்றார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். நம் சபைகளில் அது பாவம் என்று பிரசங்கிக்கவும் செய்கிறார்கள். ஆனால் சட்டமும் பிரசங்கமும் அந்த அறைக்குள் வருவதில்லை. அங்கே வாய் திறக்கக்கூடியவன் மாப்பிள்ளை ஒருவன்தான். திருமணமாகாத தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: பேச்சு நடக்கும் நாளில் தைரியம் வரும் என்று நம்பி இருக்காதீர்கள், அன்று வராது. ஆறு மாதத்துக்கு முன்பே, பெண் பார்க்கும் பேச்சு எழுவதற்கு முன்பே, அப்பா அம்மாவிடம் அமைதியாகச் சொல்லிவிடுங்கள்; பெண் வீட்டாருக்கும் நீங்களே நேரில் தெரிவியுங்கள்.

சபைக்குள்ளேயே சாதி பார்க்கிறார்கள். தெரிந்தும் எல்லாரோடும் சமாதானமாக இருக்க வேண்டுமே என்று பேசாமல் இருக்கிறேன். இது தவறா?

தவறு. அந்தச் சமாதானத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; விடை பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகும், சிறையையும் அடியையும் கண்ட பிறகும், பேதுரு இந்த ஒரு விஷயத்தில் மறுபடியும் பயந்தார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தவர், யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிப் பிரிந்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. ஆலோசனைச் சங்கத்துக்கு அஞ்சாதவர் சொந்தக்காரர்களின் பார்வைக்கு அஞ்சினார். பந்தியில் யாரோடு உட்காருவது என்ற கேள்வி நமக்கு எவ்வளவு பழக்கமானது என்று சொல்ல வேண்டியதில்லை. பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகமுகமாய் எதிர்த்தார்.

நம் மண்ணிலேயே தேவசகாயம் பிள்ளை இருக்கிறார். நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணிபுரிந்து, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். உயர்ந்ததாக எண்ணப்பட்ட குலத்தில் பிறந்தும், எல்லாச் சாதியாரோடும் வித்தியாசமின்றிப் பழகியது அவர் மீது கோபம் மூளக் காரணங்களில் ஒன்றாயிற்று. ஏறக்குறைய மூன்றாண்டு சிறைக்கும் சித்திரவதைக்கும் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது ஊர் ஊராக ஊர்வலம் போனோம். அவரை வணங்குவோரும் மதிப்போரும் ஆகிய நம்மில் பலர், இன்றும் கல்லறைத் தோட்டத்தில் தனி இடம் கேட்கிறோம் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

ஆபத்தை விட்டு ஓடுவது எப்போதுமே கோழைத்தனமா?

இல்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப் போகும்படி இயேசுவே சீஷருக்குச் சொன்னார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள், அவர் மறுக்கவில்லை. தப்பிப் போவதால் வேறொருவர் உங்கள் இடத்தில் மாட்டிக்கொள்ளவில்லை என்றால், தாராளமாகத் தப்பிப் போங்கள்.

எனக்கு வரும் பயத்துக்குக் காரணமே தெரியவில்லை. இரவில் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை. ஜெபித்தும் போகவில்லை.

இதைத் தைரியம், கோழைத்தனம் என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது. கர்மேல் பர்வதத்தில் தனியாளாக நின்ற எலியா, ராணி யேசபேலின் ஒரு மிரட்டல் செய்தியைக் கேட்டதும் வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

ஆகவே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் மனப் பதற்றத்துக்குப் போட வெட்கப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். செத்துப் போனால் நல்லது என்ற எண்ணம் வருமானால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள். பயத்தை மறைக்கக் குடிக்கத் தொடங்கியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெளியே சொல்லியிருந்தால் அவர்களில் சிலர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடன் வாங்கியிருக்கிறேன். வீட்டில் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மனைவியிடமிருந்து. இந்த வாரமே. மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால், அது வெளிவரும் நாளில் சொன்ன பாதியையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். யாரிடம் எவ்வளவு, வட்டி என்ன, எதை அடகு வைத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது, ஏனெனில் பேச வாய் வராது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அதற்கென்று தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தனியாக அல்லாமல் சபையின் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

பகலில் முடியாவிட்டால் இரவில் செய்யுங்கள். கிதியோன் பாகாலின் பலிபீடத்தைத் தகர்த்தது இரவில்தான். தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்ததால் பகலில் செய்யவில்லை என்று வேதமே சொல்கிறது. பத்து வேலைக்காரரைத் துணைக்கும் அழைத்துப் போனான். பயந்துகொண்டு, இருட்டில், ஆள் துணையோடு செய்தான். ஆனாலும் பலிபீடம் உடைந்தது.

நான் ஏற்கெனவே தவறிப் போனேன். பல ஆண்டுகள் ஆயிற்று. இனி என்ன செய்ய முடியும்?

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்தபடி மறுதலித்த முற்றத்தில். மற்றொன்று, உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மூட்டி, மீனையும் அப்பத்தையும் வைத்திருந்த இடத்தில். அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஆண்டவர் முதலில் சாப்பாடு கொடுத்தார். அதன் பிறகு மூன்று முறை கேள்வி கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. காயத்தைத் தொடாமல் கட்டவில்லை.

என் கதையின் மீதியைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வயது மகனையும் அழைத்துப் போயிருந்தேன். வயலின் விலையை ஈடுசெய்ய என்னால் முடியவில்லை. சேர்த்து வைத்ததை ஓர் உறையில் வைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, அன்னைக்கு நான் பேசியிருக்கணும். பயந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் வெகு நேரம் தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தார். "அதெல்லாம் பழசு மாப்பிள்ளை" என்று சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். உறையைக் கையில் வாங்கினார், எண்ணிப் பார்க்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைசியில் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

என் மகனுக்கு இதை எப்படிக் கற்றுக் கொடுப்பது?

ஆபிராம், ஆபிரகாம் என்று பெயர் மாறிய பின்னும், கேராரில் மறுபடியும் அதே பொய்யைச் சொன்னார். பிறகு ஒரு நாள் அதே கேராரில் அவர் மகன் ஈசாக்கும் தன் மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்றான். தகப்பன் சொல்லிக் கொடுத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் என் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தாத்தாவிடம் எதற்கு மன்னிப்புக் கேட்டீர்கள் என்று கேட்டான். சொன்னேன், தாளையும் காபியையும் உட்பட எல்லாவற்றையும். "பெரிய தாத்தா அடிப்பாரா?" என்றான். இல்லை, திட்டக்கூட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுக்கா பயந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, வகுப்பில் ஒரு பையனை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வைத்திருப்பதாகவும், தானும் அவனோடு பேசுவதில்லை என்றும், திங்கட்கிழமை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னான். வீடு வந்து சேரும் வரை அதைப் பற்றியே பேசிக் கொண்டு வந்தோம்.